பாடினிக்கும் ஓர் இலை



‘சங்க இலக்கியத்தில் விருந்தோம்பல்’ என்னும் பொருளில் உரையாற்றுமாறு என்னைக் கேட்டிருந்தார்கள். அப்பொருளில் ஆய்வேடுகள் வேண்டிய அளவு வந்துவிட்டன. அவற்றுள் சிலவற்றை மாணவியர்க்காகத் திருத்தியவள் என்ற முறையில் அந்தச் சுமையை உங்கள் மீது இறக்க விரும்பவில்லை. ஆகவே தலைப்பைச் சற்றே திருப்பிக்கொள்ள இசைவு பெற்றேன். விருந்து படைத்தவளைப் பற்றி நிரம்பப் பேசியிருக்கிறோம். வெளியே போய் உண்டவளைப் பற்றி இன்று பேசலாம் என்று எண்ணுகிறேன். அதுவும் நம் கம்பம் பள்ளத்தாக்கின் சிறு உணவுக்கடைகளில் கணவனோடு ஒரே பலகையில் அமர்ந்து உண்ட ஒருத்தியின் பட்டறிவிலிருந்து. அந்த ஒருத்தி நான்தான். ஆய்வு நெறிப்படி இது வலுவான சான்று ஆகாது என்பதை அறிவேன். கவிஞர்கள் அவையில் இது செல்லும் என்று நம்புகிறேன்.

குறுந்தொகையின் 167ஆம் பாட்டை இங்குள்ளோர் அனைவரும் அறிவீர்கள். பாடியவர் கூடலூர் கிழார். அந்தக் கூடலூர் நம் கம்பத்தை அடுத்த கூடலூர்தானா என்னும் வழக்கை நான் இன்று எடுக்கப் போவதில்லை. எடுத்தால் கூடலூர் நண்பர்கள் என்னை ஊருக்கு அனுப்ப மாட்டார்கள். புதுமணப் பெண் ஒருத்தி கட்டித் தயிரைக் கையால் பிசைகிறாள். அந்தக் கையை உடுத்த ஆடையிலேயே துடைத்துக்கொள்கிறாள். தாளிப்பின் புகை கண்ணில் பட நின்று குழம்பு சமைக்கிறாள். கணவன் இனிது என்று சொல்லி உண்கிறான். அவள் முகம் நுண்ணிதாக மலர்கிறது. மகள் வீட்டுக்குப் போய்த் திரும்பிய செவிலித்தாய் இதை நற்றாய்க்குச் சொல்கிறாள். வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் நடத்துகிறேன். மாணவியர் விரும்பிக் கேட்கும் பாட்டு இது. சில ஆண்டுகளுக்கு முன் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, “அந்தப் பொண்ணு எப்பம்மா சாப்பிட்டா?” என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. பாட்டில் விடை இல்லை.

தொல்காப்பியர் மனைவியின் கடமைகளுள் விருந்து புறந்தருதலையும் ஒன்றாக வைத்தார். கண்ணகி தன் துயரைக் கோவலனிடம் சொல்லும் இடத்தில், விருந்தினரை எதிர்கொள்ளும் பேற்றை இழந்ததையே இழப்பாக எண்ணிச் சொல்கிறாள். மாதரியின் ஆயர்மனையில் அவளே சமைத்து, குமரி வாழையின் குருத்திலையில் கோவலனுக்குச் சோறிடுகிறாள். வெற்றிலை பாக்கும் தருகிறாள். அவன் சிலம்பை எடுத்துக்கொண்டு போகிறான். அதன் பின் அவள் உண்டாளா என்பதை இளங்கோ சொல்லவில்லை. கூடலூருக்கு மேலே வண்ணாத்திப்பாறை மலையில் மங்கலதேவி என்ற பெயரில் அவளை நாம் வணங்குகிறோம். சித்திரை முழுநிலவு அன்று மூச்சிரைக்க அந்த மலையேறியபோதெல்லாம் எனக்கு அந்தக் குருத்திலைதான் நினைவுக்கு வந்தது.

வெளியில் உணவு விற்பது நமக்குப் புதிதன்று. மதுரைக்காஞ்சியில் இரவு முதிர்ந்த வேளையில் மோதகமும் அப்பமும் விற்கும் கூவியர் தம் பண்டங்களோடு தூங்கி வழிகிறார்கள். புகார் நகரத்தில் பிட்டு விற்போரும் அப்பம் விற்போரும் இருந்ததைச் சிலம்பு சொல்கிறது. மதுரையில் பிட்டு விற்ற வந்தியின் கதையைத் திருவிளையாடல் வழியே அனைவரும் அறிவோம். இறைவனே அவளிடம் கூலிக்கு வந்தான். அடுப்படியில் நின்று விற்கும் பெண் நம் இலக்கியத்தில் இருக்கிறாள். காசு கொடுத்து அமர்ந்து உண்ணும் மனைவியை நான் கண்டேனில்லை.

ஆனால் வெளியே உண்ட பெண் ஒருத்தி இருக்கிறாள். அவள் பாடினி. ஆற்றுப்படை நூல்களில் பாணன் தனியாகப் போவதில்லை. விறலியரும் சுற்றமும் உடன் நடக்கிறார்கள். பெரும்பாணாற்றுப்படையைப் படித்துப் பாருங்கள். எயினர் குடியிருப்பில் புல்லரிசிச் சோறு, ஆயரிடத்தில் பாலோடு தினைச்சோறு, மருத நிலத்து உழவர் மனையில் கோழிப்பெடை வாட்டலோடு வெண்சோறு, அந்தணர் தெருவில் மாவடு ஊறுகாய் என நிலந்தோறும் இலை விரிகிறது. போகும் ஊரின் சோற்றை அந்த ஊர்க்காரர் கையால் வாங்கி உண்டுகொண்டே போகும் கூட்டத்தில் பெண்ணும் இருக்கிறாள். சமைக்காமல் உண்டவள் அவள். இல்லத்தரசிக்கு இலக்கணம் எழுதியவர்கள் பாடினியை அதற்குள் அடக்கவில்லை. ‘வீட்டுப் பெண்’ வேறு, ‘வெளியே திரிபவள்’ வேறு என்று பிற்காலம் கோடு கிழித்ததற்கு இந்தச் சோற்றிலும் ஒரு வேர் உண்டு என்பது என் எண்ணம்.

அந்தக் கோடு அண்மைக்காலம் வரை அழியவில்லை. என் பாட்டி தலைமுறை ‘கிளப்புக் கடை’ என்று சொன்னது. அங்கே ஆண்கள் போவார்கள். யார் எங்கே உட்காரலாம் என்பதற்காக இந்நாட்டில் போராட்டங்களே நடந்தன. பெயர்ப் பலகையிலிருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை எதிர்த்துச் சென்னைத் திருவல்லிக்கேணியில் ஓர் உணவகத்தின் முன் 1957இல் பெரியார் நடத்திய மறியலை நீங்கள் அறிவீர்கள். அதற்கு முன்பே, 1950 சனவரி 26இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15ஆம் உறுப்பு, கடைகளிலும் பொது உணவகங்களிலும் நுழைவதற்குச் சமயம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றை மட்டும் காரணமாக்கி எவரையும் தடுக்கலாகாது என்று கூறிவிட்டது. சாதி என்ற சொல்லை நாம் அடிக்கோடிட்டுப் படித்தோம், படிக்க வேண்டியதுதான். அதற்கு அடுத்து நிற்கும் ‘பால்’ என்ற சொல்லை விரைந்து கடந்துவிட்டோம். பெண்ணை யாரும் வாயிலில் மறித்ததில்லை. மறிக்கத் தேவை இருக்கவில்லை; அவள் வரவே இல்லை. சினிமாவுக்கு வந்த பெண்களும் பொட்டலமாகக் கட்டி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

இனி என் சான்றுக்கு வருகிறேன். என் கணவர் பள்ளியில் கணக்கு ஆசிரியர். திருமணமான புதிதில் சனிக்கிழமை மாலை ஒரு வேளை வெளியே உண்பது என்று இருவரும் முடிவு செய்தோம். அத்தை, “வீட்டுல அடுப்பு இல்லையா?” என்று ஒரு முறைதான் கேட்டார்கள். விடையை எதிர்பாராத கேள்வி அது. நாங்களும் விடை சொல்லவில்லை. இரு சக்கர வண்டியில் தேனியிலிருந்து வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் என்று ஒரே சாலைதான். ஆனால் ஒவ்வோர் ஊரிலும் சுவை மாறுகிறது. வலப்புறம் மலை, இடப்புறம் மலை, நடுவே 1895 முதல் பெரியாற்று நீர் பாயும் வயல்கள். வாழைத் தோப்புகளைக் கடந்து போனால் எந்தக் கடையிலும் இலைக்குப் பஞ்சமில்லை. உத்தமபாளையத்திலும் கம்பத்திலும் இராவுத்தர் வீட்டுக் கைப்பக்குவம் பிரியாணிக் கடைகளில் மணக்கும். ஆண்டிபட்டிப் பக்கம் போனால் முல்லை. போடி மெட்டு ஏறினால் குறிஞ்சி. ஆற்றுப்படையின் நிலங்களை அரை நாளில் சுற்றி வந்துவிடலாம்.

தொடக்கத்தில் ஒரு பெரிய உணவகத்துக்குப் போனோம், பெயர் வேண்டாம். வாயிலில் எங்களைப் பார்த்ததும் ‘குடும்ப அறை’ என்று கை காட்டினார்கள். சமையற்கட்டை ஒட்டிய சிறிய அறை, தடித்த திரை, ஓடாத மின்விசிறி. வெளியே கூடத்தில் காற்றோட்டமாக ஆண்கள் உண்டுகொண்டிருந்தனர். பரிமாறுபவர் திரையை விலக்கி, என்னை நோக்காமல் என் கணவரிடம், “மேடத்துக்கு என்ன சார் வேணும்?” என்று கேட்டார். முனைவர் பட்டத்துக்கு நான் பதிவு செய்திருந்த ஆண்டு அது. எனக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும் என்பதை அந்த அறையில் எவரிடம் சொல்வது என்றுதான் தெரியவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். மரியாதை என்று எண்ணியே அப்படிக் கேட்டார்.

சிறு கடைகளில் அறை இல்லை, திரை இல்லை. அதனாலேயே அவை எனக்குப் பிடித்தன. இரவு பரோட்டாக் கடையில் கல்லுக்கு எதிரே பலகை. எண்ணெயில் ஊறிய மாவு உருண்டையை எடுத்துத் தட்டி, வீசி, கண்ணாடித்தாள் போல் விரித்து, கொசுவம் போல் மடித்துச் சுருட்டி வைக்கிறார் மாஸ்டர். மீண்டும் தட்டிக் கல்லில் இடுகிறார். வெந்த பின் நான்கைந்தை அடுக்கி இரு கைகளாலும் பக்கவாட்டில் அடிக்கிறார். அடுக்குகள் பூவாகப் பிரிகின்றன. கொத்துப் பரோட்டாவுக்கு எழும் ஓசையை யாப்பறிந்த நண்பர் ஒருவர் வந்து அலகிட்டுச் சொல்ல வேண்டும். என் காதுக்கு அது வஞ்சிக்கு அருகில் வருகிறது. என் கணவர் எத்தனை பரோட்டா என்று எண்ணுவார். நான் எண்ண மாட்டேன். முதல் நாட்களில் பலகையிலிருந்தவர்கள் நகர்ந்து உட்கார்ந்தார்கள். சிலர் எழுந்தே போனார்கள். சில மாதங்களில், “டீச்சருக்குச் சால்னா ஊத்துப்பா” என்று அவர்களே சொல்லத் தொடங்கினார்கள்.

பசியோடு போய், கேட்டு வாங்கி, இன்னும் கொஞ்சம் என்று சொல்லி, இலையை மடித்துவிட்டு எழுவது எவ்வளவு பெரிய உரிமை என்பதை 2020இல் உணர்ந்தேன். மார்ச்சு 25ஆம் நாள் ஊரடங்கு வந்தது. கடைகளில் அமர்ந்து உண்ணக் கூடாது, பார்சல் மட்டும் உண்டு என்றார்கள். அதே கடை, அதே சால்னா. வீட்டுக்கு வந்த பார்சலைப் பிரித்தவள் நான்; தட்டில் வைத்தவள் நான்; சால்னா போதுமா என்று கேட்டவள் நான்; பாத்திரம் கழுவியவளும் நானே. முதல் முறைக்குப் பிறகு என் கணவர் தாமாக எழுந்து பிரிக்கத் தொடங்கினார் என்பதையும் அவையில் பதிவு செய்ய வேண்டும். அவர் மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார்.

இவ்வளவும் சம்பளம் வாங்கும் ஒருத்தியின் சனிக்கிழமைக் கதை. இதே பள்ளத்தாக்கில் விடியுமுன் சீப்புகள் நிற்கின்றன. இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் போடி மெட்டு வழியாகவும் கம்பம் மெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் கூலி வேலைக்குப் போகும் பெண்கள் தூக்குவாளியில் வீட்டுச் சோற்றையே கொண்டு போகிறார்கள். நான்கு மணிக்கு எழுந்து அவர்களே ஆக்கிய சோறு. வழியில் தேநீர்க்கடையில் சீப்பு நிற்கும்போது ஆண்கள் இறங்கி நின்று குடிப்பதையும், பெண்களுக்குக் கண்ணாடித் தம்ளர்கள் சீப்புக்குள்ளேயே கைமாறிப் போவதையும் பலமுறை பார்த்திருக்கிறேன். உலகமே விலை கொடுத்து வாங்கும் ஏலக்காயைக் கொய்யும் கைகள் அவை. பத்து நிமிடம் பலகையில் அமர்ந்து தேநீர் குடிக்க அந்தக் கைகளுக்குரியவர்களை இன்னும் எவரும் அழைக்கவில்லை.

நாங்கள் வழக்கமாகப் போகும் கடை ஒன்றைக் கணவனும் மனைவியும் நடத்துகிறார்கள். அவர் கல்லில் நிற்கிறார். அந்த அக்காள் மாவு பிசைகிறார், சட்னி அரைக்கிறார், இலை போடுகிறார். என் கணவர் யாரிடமாவது பேசிக்கொண்டே இருந்தால், “நீங்க மொதல்ல சாப்பிடுங்கம்மா. அவரு பேசி முடிச்சு வரட்டும்” என்று எனக்கு முதலில் வைத்துவிடுவார். என் வாழ்நாளில் ஆணுக்கு முன் எனக்கு இலை போட்டவர் அவர்தாம். ஒரு நாள் அவரைக் கேட்டேன்: “நீங்க சாப்பிட்டாச்சாக்கா?” “கடையடைச்சப் பெறகுதான்” என்றார். கடையடைக்கப் பதினொன்று ஆகும்.

குறுந்தொகைப் பாட்டில் என் மாணவி தேடிய விடை இங்கே கிடைத்தது. எனக்கு முன்னதாக இலை போட வேண்டுமாயின் வேறொருத்தியின் இலை பின்னுக்குப் போகிறது. இதைச் சொல்லாமல், பாடினியாகிவிட்டேன் என்று நான் இங்கே பெருமை பேசிவிட்டுப் போக முடியாது. அவரையும் உடன் உட்காரச் சொல்லிப் பார்த்தோம். “யாவாரத்துல ஒக்காந்தா கல்லு காஞ்சிரும்” என்று சிரித்தார். அடைமழை பெய்த ஓர் ஐப்பசி இரவில் கடையில் நாங்கள் இருவர் மட்டுமே இருந்தோம். அன்று அவர் கணவர் நான்காவதாக ஒரு முட்டைப் பரோட்டாவைப் போட்டு, “நீயும் ஒக்காரு” என்றார். அக்காள் எதிர்ப்பலகையில், கால் பாதி வெளியே இருக்க, எப்போது வேண்டுமானாலும் எழத் தயாராக அமர்ந்து உண்டார். மிக விரைவாக உண்டார். இருபது ஆண்டுப் பழக்கம் அது.

இப்பொழுது வட்டத்துக்கு ஒரு வேண்டுகோள். நா. காமராசன் பிறந்ததும் மு. மேத்தா பிறந்ததும் இந்த மாவட்டத்து மண்ணில்தான். பத்தாண்டுகளில் இந்தக் கூடத்தில் மழை, ஆறு, மலை, காதல், மொழி ஆகியவற்றைப் பற்றி நூற்றுக்கணக்கான கவிதைகளைக் கேட்டிருக்கிறோம். அம்மாவின் சமையலைப் போற்றிய கவிதைகளுக்குக் கணக்கே இல்லை. அவற்றுள் நல்லவையும் பல. அம்மா எங்கே, யாரோடு, எத்தனை மணிக்கு உண்டாள் என்று எழுதிய கவிதையை நான் இங்கே கேட்கவில்லை. அடுத்த மாதக் கவியரங்கத்துக்கு அதைப் பொருளாக வைக்கலாம் என்று செயலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆண் கவிஞர்கள் வீட்டில் கேட்டுவிட்டு எழுதுங்கள். கேட்காமல் எழுதினால் கண்டுபிடித்துவிடுவேன்.

கூட்டம் முடிந்ததும் பந்தி உண்டு என்று அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். காலை முதல் பின்கட்டில் சமைத்துக்கொண்டிருக்கும் ஐந்து பெண்களையும் முதற்பந்தியில் உட்காரச் சொல்லி நான் கேட்டேன். மூவர் இசைந்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பரிமாற ஆள் வேண்டும். முதல் பெயராக என் கணவர் பெயரைக் கொடுத்திருக்கிறேன். மற்றவர்கள் பொறுப்பாளரிடம் பெயர் கொடுக்கலாம்.