மிளகுக் கொடியும் முழுமையும்

‘ஹோலிசம்’ என்ற சொல்லைத் தமிழில் முழுமைவாதம் என்கிறோம். 1926இல் ஜான் ஸ்மட்ஸ் தமது நூலொன்றில் படைத்த சொல் அது. உறுப்புகளைத் தனித்தனியே ஆராய்ந்து கூட்டினால் முழுமை கிடைத்துவிடாது; அவற்றுக்கிடையேயான உறவில்தான் அது தங்கியிருக்கிறது என்பது அதன் சாரம். அமைப்புச் சிந்தனைக்கும் இதுவே அடித்தளம்.

இதனை விளங்கிக்கொள்ள மாத்தளை வீட்டுத் தோட்டமொன்றுக்குள் நுழைந்தாலே போதும். முள்முருக்கில் மிளகுக் கொடி ஏறியிருக்கும். மரத்தின் உதிர்ந்த இலை கொடிக்கு எருவாகும். வேர் காற்றிலுள்ள நைதரசனை மண்ணில் சேர்க்கும். பலாவின் நிழலில் கொக்கோ, அப்பால் சாதிக்காய், கராம்பு, கமுகு. மிளகை மட்டும் நிறுத்துப் பார்ப்பவருக்கு இது சோம்பேறியின் தோட்டம். மிளகு விலை விழுந்த ஆண்டில் பலாக்காய் பசியாற்றும் என்பது அவர் தராசில் ஏறாது.

இதே மலைகளில் 19ஆம் நூற்றாண்டில் துரைமார் காடழித்துக் கோப்பியை மட்டுமே நட்டனர். 1869இல் இலங்கையில் இலைத்துரு நோய் கண்டறியப்பட்டது. 1880இல் ஆராய வந்த மார்ஷல் வார்ட், இடைவெளியின்றிப் பரந்த ஒற்றைப் பயிரே நோய் வித்துகள் காற்றில் பரவ வழிவிட்டது என்று கண்டார். மருந்தொன்றை அவரால் தர முடியவில்லை. கோப்பி வீழ்ந்தது, தேயிலை வந்தது.

என்னை உறுத்துவது வேறொன்று. முழுமை என்கிறோமே, அதன் வேலியை எங்கே போடுகிறோம்? தமிழகத்திலிருந்து கடல் கடந்து, மன்னார்க் கரையிலிருந்து தம்புள்ளை, நாலந்தா வழியாக மாத்தளைக்கு நடந்தவர்களில் பலர் வாந்திபேதியில் வழியிலேயே மாண்டனர். கோப்பியின் கதையில் பூஞ்சணம் வருகிறது, விலை வருகிறது. இவர்களோ ‘கூலி’ என்ற செலவுக் கணக்காக மட்டும் வருகிறார்கள். ஸ்மட்ஸின் சங்கதியும் இதுதான். தென்னாபிரிக்காவில் காந்தியைச் சிறையிலிட்ட அரசின் அமைச்சர் அவர். கறுப்பருக்கும் இந்தியருக்கும் அவருடைய முழுமையில் சம இடம் இருக்கவில்லை.

ஆகவே, வீட்டுத் தோட்டத்தைப் புகழும்போது மண் யாருடையது என்றும் கேட்க வேண்டும் என்பேன். பலா காய்க்க ஆண்டுகள் செல்லும். லயத்து வாசலின் இரண்டடி மண்ணில் மிளகாயும் கறிவேப்பிலையும் நடுகிற குடும்பம், உறுதி கையில் இல்லாத நிலத்தில் பலாக்கன்றை நட யோசிக்கத்தான் செய்யும்.