கையொப்பங்கள் போய்ச் சேருமிடம்



சென்னையில் கலங்கரை விளக்கத்தருகே தொடங்கும் லூப் சாலை தெற்கே வந்து முடிகிற பட்டினப்பாக்கத்தில், கிழக்கே வங்கக் கடலும் தெற்கே அடையாற்றின் முகத்துவாரமும் எல்லைகளாக அமைந்த அந்தச் சிறு நிலப்பரப்பில், மீனவர் வீடுகளும், சீனிவாசபுரத்தின் பழைய குடிசை மாற்று வாரியக் குடியிருப்புகளும், சற்றுத் தள்ளி எழுந்துள்ள உயர்ந்த அடுக்குமாடிகளும் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கின்றன. இத்தகைய ஓரிடத்தில் குப்பை அள்ளப்படாமற் கிடந்தாலும், தெருவிளக்கு எரியாது போனாலும், வடிகால் அடைத்துக்கொண்டாலும், இன்றைய இளைஞர்கள் முதலில் செய்யும் காரியம், கைப்பேசியில் ஒரு மனுவை எழுதி, அதை இணையத்தில் ஏற்றி, தமக்குத் தெரிந்த வாட்ஸ்அப் குழுக்களுக்கெல்லாம் அனுப்பிக் கையொப்பம் கேட்பதேயாகும். நமக்கென்ன என்று ஒதுங்கிப் போகாமல் பொது விஷயத்தில் சிரத்தை கொள்ளும் அந்த மனப்பான்மையை நான் மனமார வரவேற்கிறேன். ஆயினும், அவ்வாறு சேர்ந்த கையொப்பங்கள் எங்கே போய்ச் சேருகின்றன என்ற கேள்வியை அவர்கள் முன் வைப்பதும் என் கடமை என்று கருதுகிறேன்.

கூட்டு மனு என்பது நம் நகரத்துக்குப் புதியதன்று. கஜுலு லட்சுமிநரசு செட்டியார் முன்னின்று அமைத்த சென்னைவாசிகள் சங்கம் 1852-ஆம் ஆண்டிலேயே பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கு ஒரு விண்ணப்பத்தை அனுப்பியது. கும்பினி ஆட்சியில் குடியானவர்கள் பட்ட துன்பங்களையும், நிலவரி வசூலில் நடந்த கொடுமைகளையும் குறித்து இங்கிருந்து எழுந்த அந்தக் குரல் கடல் கடந்து சென்று, 1854-இல் பாராளுமன்றத்தில் விவாதத்துக்கு வந்தது. அதன் பயனாக நியமிக்கப்பட்ட விசாரணைக் குழு ஆயிரத்துக்கு மேற்பட்ட முறையீடுகளைப் பெற்று ஆராய்ந்து, வரி வசூலுக்காகச் சித்திரவதை நடந்தது மெய்தான் என்று 1855-இல் அறிக்கை கொடுத்தது. விண்ணப்பம் கதவைத் திறந்தது. அந்தக் கதவின் வழியே உள்ளே சென்று, தமக்கு நேர்ந்ததைத் தம் வாயாலேயே சொன்னவர்கள் குடியானவர்கள்.

நம் காலத்திலும் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. கொடைக்கானலில் 2001-இல் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரச மாசு குறித்து, 2015-இல் சோபியா அஷ்ரப் பாடி வெளியிட்ட காணொலியும், அதனோடு சேர்ந்து பரவிய இணைய மனுவும் உலகத்தின் கவனத்தை அந்த மலையூரின்பால் திருப்பின. மறு ஆண்டு மார்ச்சு மாதத்தில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு அத்தொழிற்சாலையை நடத்திய நிறுவனம் உடன்படிக்கை செய்துகொண்டது. ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அத்தொழிலாளர்கள் உயர் நீதிமன்றத்தில் வழக்காடி வந்தார்கள் என்பதையும், கையிலே சான்று இருந்தமையால்தான் இணையத்தில் எழுந்த ஆரவாரம் காற்றோடு போகாமல் காரியமாயிற்று என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

மறுபடியும் பட்டினப்பாக்கத்துக்கு வருவோம். "பட்டினப்பாக்கத்தைச் சுத்தமாக வையுங்கள்" என்று ஒரு மனு எழுதப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை யாரிடம் கொடுப்பது? குப்பையும் தெருவிளக்கும் மழைநீர் வடிகாலும் மாநகராட்சியின் பொறுப்பு. அதே தெருவில் தேங்கி நிற்பது மழைநீராக இல்லாமல் கழிவுநீராக இருந்தால் அது குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. சீனிவாசபுரத்துக் குடியிருப்பின் விரிசல் கண்ட சுவர், முன்பு குடிசை மாற்று வாரியம் என்று வழங்கி இப்போது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியமாக விளங்கும் அமைப்பைச் சேர்ந்தது. முகத்துவாரத்தில் மணல் தூர்ந்து ஆற்று நீர் கடலைச் சேராமல் நின்றால் நீர்வளத் துறையிடம் போகவேண்டும். கடலோரத்தில் விதியை மீறிக் கட்டடம் எழுந்தால் கடற்கரை மண்டல மேலாண்மை ஆணையத்தை அணுகவேண்டும். இவையனைத்தையும் ஒரே மனுவில் அடைத்து ஆயிரம் பேர் கையொப்பமிட்டாலும், ஒவ்வொரு அலுவலகமும் அது தனக்குரியதன்று என்று சொல்வதற்கு நாமே இடங்கொடுத்தவர்களாகிறோம். அதற்கு மாறாக, இந்தத் தெருவில் இந்த எண் எழுதிய விளக்குக் கம்பம் இந்தத் தேதியிலிருந்து எரியவில்லை, 1913 என்ற தொலைபேசி எண்ணில் கொடுத்த புகாரின் பதிவெண் இது, இதோ படம் என்று எழுதிய நாலே வரிக்கு மறுமொழி சொல்லாதிருப்பது எந்த அலுவலருக்கும் கடினம்.

இதைவிட முக்கியமென்று நான் கருதுவது மற்றொன்று. 2023 ஏப்ரலில், லூப் சாலையோர மீன் கடைகளால் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்ற விஷயத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டதும், மாநகராட்சி அந்தக் கடைகளை அகற்ற முற்பட்டதும், மீனவ மக்கள் திரண்டு மறியல் செய்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். பின்னர் 2024 ஆகஸ்டில் அங்கே நவீன மீன் அங்காடி திறக்கப்பட்டது. அந்த நாட்களில் இணையக் கையொப்பங்களை எண்ணித்தான் முடிவு செய்வது என்று ஏற்பட்டிருந்தால், அவ்வழியே காரில் போகிற பல்லாயிரம் பேரின் விரல்நுனிகளுக்கு எதிரே, விடியற்காலையில் படகு கரைசேர்ந்தது முதல் வெயிலில் அமர்ந்து வஞ்சிரமும் சங்கராவும் விற்கும் ஒரு பெண்மணியின் சொல் எந்த மூலைக்கு எட்டியிருக்கும்? பல தலைமுறைகளாக அந்த மணலிலே பிழைத்து வரும் குடும்பத்தவர் அவர். ஆகவே மனு எழுதுகிறவர்கள், கைப்பேசியில் கையொப்பமிட இயலாதவர்களின் வாசலுக்குத் தாளும் பேனாவுமாகச் சென்று, மனுவை உரக்கப் படித்துக் காட்டி, அவர்கள் சொல்லும் திருத்தங்களை ஏற்று, கையொப்பமோ கைநாட்டோ பெற்று, அவற்றையும் இணைத்தே கொடுக்கவேண்டும். அவர்கள் உடன்படாத மனுவாக இருந்தால், அதை அனுப்புவதா என்பதையே மீண்டும் யோசிக்கவேண்டும்.

இனி மாநகராட்சியிடம் ஒரு விண்ணப்பம். 1688-இல் தோன்றிய நம் மாநகராட்சி, 2016 அக்டோபர் முதல் 2022 தொடக்கம் வரை தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாமலே இருந்தது. 2022-இல் 200 வட்டங்களுக்கும் உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். வட்டக் குழுக்களுக்கும் பகுதி சபைகளுக்கும் அதே ஆண்டில் விதிகள் வகுக்கப்பட்டன. ஆயினும், இத்தனை குடிமக்கள் கூடிக் கேட்டால் அவ்விஷயம் மாமன்றத்தில் வைக்கப்பட்டே ஆகவேண்டும் என்ற நியதி நமக்கு இல்லை. பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கு அனுப்பும் இணைய மனுவில் பத்தாயிரம் கையொப்பங்கள் சேர்ந்தால் அரசாங்கம் பதில் சொல்கிறது. ஒரு லட்சம் சேர்ந்தால் விவாதத்துக்குப் பரிசீலிக்கப்படுகிறது. இங்கிலாந்தின் உள்ளாட்சி மன்றங்கள் இணைய மனுக்களைப் பெற வசதி செய்துதர வேண்டும் என்று 2009-இல் ஒரு சட்டம் விதித்தது. அந்தக் கட்டாயம் 2011-இல் நீக்கப்பட்ட பிறகும் பல மன்றங்கள் அம்முறையைத் தாமாகவே காத்து வருகின்றன. மாமன்றம் கூடும் ரிப்பன் மாளிகையிலும் அப்படியொரு தீர்மானம் நிறைவேறவேண்டும் என்பது என் அபிப்பிராயம். நகரம் முழுவதிலுமிருந்து திரளும் பெருந்தொகை வேண்டியதில்லை. அந்தந்த வட்டத்தில் வசிப்போரில் சில நூறு பேர் கேட்டால் போதும் என்று அது அமையவேண்டும். தாளில் இட்ட கைநாட்டுக்கும் இணையக் கையொப்பத்துக்கும் அதில் சமமான மதிப்பு இருக்கவேண்டும்.

அதுவரையில் காத்திருக்க வேண்டியதில்லை. 2018-இல் கடல் அரித்துச் சீனிவாசபுரத்தில் பல வீடுகள் இடிந்தன. 2024 டிசம்பரில் அங்குள்ள வாரியக் குடியிருப்பில் கட்டடத்தின் ஒரு பகுதி பெயர்ந்து விழுந்து ஓர் இளைஞர் உயிரிழந்தார். மனு எழுதும் கைகள் இங்கிருந்தே தொடங்கலாம். எந்தெந்தக் கட்டடங்களின் உறுதி எப்போது சோதிக்கப்பட்டது, சோதனையில் தெரியவந்தது என்ன, மறுகட்டுமானம் எப்போது, அதுவரை குடியிருப்போர் தங்கும் இடம் எது, அவர்கள் திரும்பி இதே கடற்கரைக்கு வருவார்கள் என்பதற்கு எழுத்து மூலமான உறுதி உண்டா ஆகிய கேள்விகளைக் கட்டட எண்ணோடு வரிசைப்படுத்தி, அங்கே வசிப்பவர்களின் கையொப்பங்களை முதலிலும் மற்றவர்களுடையதைப் பின்னும் சேர்த்து, வாழ்விட மேம்பாட்டு வாரியத்துக்கு ஒரு பிரதியும், வட்டத்தின் மாமன்ற உறுப்பினருக்கு ஒரு பிரதியும் நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையிட்ட ஒப்புகைச் சீட்டை வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்த பகுதி சபைக் கூட்டத்தில் அந்த மனுவை வாசித்து, கூட்டக் குறிப்பேட்டில் ஏற்றும்படி கேளுங்கள்.