பூட்டிய மண்டபம் கலைக்கூடம் ஆகட்டும்

(ஆலயத் திருவிழாவின்போது ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

அரசாங்க ஊழியன் ஒருவன் திருவிழா மேடையில் பேச எழுந்தால், மானியத்தைப் பற்றித்தான் பேசுவான் என்று சிலர் எதிர்பார்க்கக்கூடும். நான் பேச வந்தது ஒரு பூட்டைப் பற்றி. மடைப்பள்ளிக்குப் பின்னால் உள்ள பழைய மண்டபத்தின் கதவில் அது தொங்குகிறது. உள்ளே உடைந்த நாற்காலிகளும் பழைய பந்தற்கால்களும் கிடக்கின்றன. அந்த மண்டபத்தைக் கிடங்காக வாடகைக்கு விடலாம் என்ற கருத்து நம் உறுப்பினர் சிலரிடையே நிலவுகிறது. மாதந்தோறும் வாடகை வரும் என்பது உண்மையே. எனினும், நம் பிள்ளைகள் ஓவியமும் கோலமும் மிருதங்கமும் மாலை கட்டுதலும் பழகும் பொதுக் கலைக்கூடமாக அதைத் திறக்க வேண்டும் என்பது என் விண்ணப்பம்.

இதற்குச் சான்று தேடி வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. கொம்டார் கோபுரத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில், முன்னாளில் பிரிக் கில்ன் சாலை என்று வழங்கிய ஜாலான் குருத்வாராவில், ஹின் நிறுவனத்தின் பேருந்துப் பணிமனை இருக்கிறது. 1947ஆம் ஆண்டில் எழுந்த கட்டடம் அது. பேருந்துகள் போன பின்னர் கூரை இழந்து, செடிகொடி மண்டிப் பாழடைந்து கிடந்தது. 2014ஆம் ஆண்டு ஜனவரியில், லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் சகாரெவிச் தம் கண்காட்சியை அங்கே நடத்தினார். 2012ஆம் ஆண்டு ஜார்ஜ்டவுன் விழாவிற்காக, ஆர்மீனியன் வீதிச் சுவரில் சைக்கிளில் செல்லும் இரு குழந்தைகளை வரைந்தவர் அவரே. அந்தக் கண்காட்சியோடு தொடங்கி, பாழடைந்த பணிமனை கலைக்கூடமாயிற்று. இன்று அங்கே ஓவியக் கண்காட்சிகளும் பயிற்சிப் பட்டறைகளும் நடைபெறுகின்றன; ஞாயிறுதோறும் சந்தையும் கூடுகிறது.

அங்குச் சென்றவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். பழைய சுவரை இடித்துவிட்டுப் புது மாளிகை கட்டவில்லை. கூரை போன இடம் புல்வெளி முற்றமாயிற்று. வெறுஞ்சுவர்கள் ஓவியம் தாங்கின. சந்தையும் வீண் கூட்டமன்று. ஓவியம் பார்க்க வராதவர் பலகாரம் வாங்க வருகிறார். வந்தவர் ஓவியத்தையும் பார்த்துவிட்டுப் போகிறார். அன்னதானம் நடத்தும் நமக்கு இந்த நுட்பம் புதிதன்று. ஆயினும் சுற்றுப்பயணிகள் நிறைந்த அந்த இடத்தை அப்படியே நகலெடுப்பது நமக்குப் பொருந்தாது. நம் நோக்கத்திற்கு இன்னும் அணுக்கமானது, ஜேனட் பிள்ளை அவர்கள் நிறுவிய ஆர்ட்ஸ்-எட் அமைப்பு 1999ஆம் ஆண்டு முதல் செய்துவரும் பணி. நகரத்துப் பிள்ளைகளுக்குத் தங்கள் தெருவையும், அங்குள்ள பழந்தொழில்களையும், கலைகளையும் நேரில் கண்டு கற்கும் வாய்ப்பை அவ்வமைப்பு ஏற்படுத்தித் தந்தது.

“ஆலயத்தில் இதெல்லாம் எதற்கு?” என்று பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. சங்க நூலாகிய பரிபாடலில், செவ்வேளைப் பாடும் 19ஆம் பாடல், திருப்பரங்குன்றத்தில் இருந்த ஓவிய மண்டபத்தைக் காட்டுகிறது. இரதியும் காமனும் அகலிகையும் இந்திரனும் அங்கே தீட்டப்பட்டிருந்தனர். முருகனை வழிபட வந்தவர்கள் “இது யார், அது யார்” என்று வினவ, உடன் வந்தவர்கள் விளக்கினார்களாம். தஞ்சைப் பெரிய கோயிலிலோ, இராசராசன் ஆடற்கலை மகளிர் 400 பேரைக் குடியமர்த்தியதைக் கல்வெட்டே கூறுகிறது. கலையைக் கோயிலுக்குள் கொண்டுவருமாறு நான் கேட்கவில்லை ஐயா. அது முன்பே அங்கே குடியிருந்தது.

நம் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1999ஆம் ஆண்டு இறுதியோடு முடிவுக்கு வந்தபின், இந்நகரின் பழைய கடைவீடுகளில் வாழ்ந்த குடும்பங்கள் பல வெளியேறின. அவர்களுள் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. நடந்து வந்த பிள்ளைகள் இப்போது காரில் வருகிறார்கள். பத்து நிமிடம் கும்பிட்டுவிட்டுக் கைப்பேசியோடு காருக்குத் திரும்புகிறார்கள். நாதசுரமும் தவிலும் வாசிக்கத் தமிழகத்திலிருந்து கலைஞர்களை அழைக்கிறோம். அவர்களுடைய கலைக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் அவர்கள் நம்மிடையே இருக்கும் மாதங்களில், நம் பிள்ளை ஒருவனேனும் அவர்கள் அருகில் அமர்ந்து கற்க ஓர் அறை இருக்கிறதா? பள்ளியே பார்த்துக்கொள்ளும் என்று சொல்வதற்கில்லை. நான் தமிழ்ப்பள்ளியில் படித்தபோது வாரத்திற்கு ஒரு முறைதான் ஓவியப் பாடம்; தேர்வு நெருங்கினால் அதுவும் கணக்குப் பாடமாகிவிடும்.

நடைமுறைக்கு வருகிறேன், கோப்புகளோடு வாழ்பவன் அதைச் சொல்லாமல் இறங்கலாகாது. மண்டபத்தின் பயன்பாட்டை மாற்றுமுன் மாநகர் மன்றத்திடம் விவரம் கேட்டு, வேண்டிய அனுமதியை எழுத்து மூலம் பெறவேண்டும். நம் வட்டாரம் 2008ஆம் ஆண்டு முதல் உலக மரபுரிமைத் தலமாதலால், சுவரில் கைவைக்குமுன் கேட்பது இன்னும் அவசியம். பிள்ளைகள் கூடும் இடத்தில் இரண்டு வாயில்கள் திறந்திருக்க வேண்டும். இப்போது ஒன்றை அலமாரி அடைத்திருக்கிறது. நல்ல விளக்கும், வண்ணம் கழுவ ஒரு தொட்டியும் தேவை. ஆலயத் தூய்மை கெடும் என்று அஞ்சுவோர்க்கும் வழியுண்டு: பின்வாசல் வழியே வருகை, வெளியில் புலால் வாங்கி வரலாகாது, பூசை வேளையில் மேளப் பயிற்சி கூடாது. சாவி ஒருவரிடம் மட்டும் இருந்தால் அவர் வராத நாளில் கூடமும் இராது. ஆகவே இளைஞர் பிரிவிடமும் ஒரு சாவி இருக்கட்டும்.

வரும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இது தீர்மானமாக முன்வைக்கப்படும். வாடகைக்கு விடவேண்டும் என்பவர்களும் தங்கள் கணக்கோடு வரட்டும். இரண்டையும் சபை எடைபோடட்டும். அதற்குமுன், அடுத்த ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் மண்டபத்தைத் திறந்து, உள்ளிருக்கும் பொருள்களைக் கணக்கெடுக்கத் தலைவர் அவர்கள் இசைந்திருக்கிறார்கள். வர இயன்றவர்கள் துடைப்பமும் கையுறையும் கொண்டு வாருங்கள். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள்.