சட்டம் வராத வீட்டிற்கும் வெயில் வரும்

(வீடு கட்ட உதவி பெறும் குடும்பங்களுக்கான கூட்டத்தில் நம் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





2023 டிசம்பர் 17, 18 தேதிகளை ஏரலில் யாரும் மறக்க மாட்டோம். பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. ஆறு ஊருக்குள் வந்தது. வீடுகள் இடிந்தன, கடைகளில் சரக்கெல்லாம் சேறானது. அதன் பிறகு உங்கள் ஜகாத்தையும் சதகாவையும் கொண்டு சில குடும்பங்களுக்கு வீடு கட்ட உதவினோம். அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் இன்று நாம் பேச வந்தது நம் தவறைப் பற்றி. தண்ணீருக்குப் பயந்து அடித்தளத்தை உயர்த்தினோம். மேலே கான்கிரீட் தளம் போட்டோம், அதோடு பணம் தீர்ந்தது. தளத்தின் மேல் ஓடு பதிக்கவில்லை, வெள்ளைகூட அடிக்கவில்லை. அடுத்த கோடையில் ஒரு வீட்டிற்குப் போனபோது, அங்கிருந்த வயதான உம்மா சொன்னார்கள்: "வாப்பா, வெள்ளத்துக்குத் தப்பிச்சிட்டேன், இந்த வெக்கைக்குத் தப்ப முடியலியே. ராத்திரி வாசப்படியிலதான் படுக்கேன்." உதவி செய்தோம் என்ற பெருமையோடு போனவர்கள் தலை குனிந்து திரும்பினோம்.

அந்த உம்மாவின் அறையில் நடந்தது இதுதான். மொட்டைக் கான்கிரீட் பகல் முழுவதும் வெயிலைக் குடிக்கிறது. சூரியன் இறங்கிய பிறகு அந்தச் சூட்டைக் கீழே விடுகிறது. இரவு பத்து மணிக்குத் தட்டட்டி ஆறத் தொடங்கும்போது அறைக்குள் கொதிக்கிறது. மின்விசிறி அந்தச் சூட்டுக் காற்றையே சுற்றிச் சுற்றி அடிக்கிறது.

நம் வாப்பா காலத்து வீடுகளில் இது இவ்வளவு இல்லை. மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து, அதன் மேல் தட்டோடு பதித்தார்கள். நடுவில் முற்றம், சுவரின் உச்சியில் காற்றுப் போக்கி. சிமெண்ட் மலிவாகவும் சீக்கிரமாகவும் வேலையை முடித்தது. அந்த அவசரத்தில் மேலடுக்கை விட்டுவிட்டோம்.

இதற்குச் சட்டம் இருக்கிறதா என்று பலர் கேட்கிறீர்கள். இருக்கிறது. வீடுகளுக்கான எரிசக்திச் சிக்கன விதித்தொகுப்பை 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' என்ற பெயரில் மத்திய மின்துறை அமைச்சகம் 2018 டிசம்பரில் வெளியிட்டது. மாநிலங்கள் தங்கள் கட்டட விதிகளில் சேர்த்து நடைமுறைப்படுத்த வேண்டிய தொகுப்பு இது. 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்கென்று எழுதப்பட்டது. நம் கணக்கில் ஏறக்குறைய பன்னிரண்டேகால் சென்ட். இங்கே அமர்ந்திருப்பவர்களில் எத்தனை பேருக்கு அவ்வளவு மனை இருக்கிறது? இரண்டு சென்ட், மூன்று சென்ட்காரர்கள்தான் அதிகம். ஆகவே அந்தச் சட்டம் நம் வாசலுக்கு வராது. ஆனால் வெயில் வரும்; பெரிய பங்களாவை விட நம் ஒற்றை அறைக்குத்தான் அதிகமாக வரும்.

கட்டாயம் இல்லாவிட்டாலும் அந்தத் தொகுப்பில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு.

முதலாவது கூரை. கூரை வழியாக எவ்வளவு வெப்பம் இறங்கலாம் என்பதற்கு ஓர் உச்ச அளவு வைத்திருக்கிறார்கள். ஒரு சதுர மீட்டருக்கு, உள்ளும் வெளியும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால், 1.2 வாட். வெறும் கான்கிரீட் தளத்தில் இது இரண்டரை மடங்குக்கும் மேலே போகும். மேலே வெப்பத் தடுப்புப் பலகையோ, கனமான ஜல்லிச் சுண்ணாம்போ போட்டு ஓடு பதித்தால் இறங்கும் வெப்பம் குறையும். அதற்கு வசதி இல்லாதவர்கள், தளத்தைக் கழுவிச் சுத்தம் செய்து வெள்ளைச் சுண்ணாம்பாவது அடியுங்கள். அது தடுப்பு அடுக்கு ஆகாது. ஆனால் வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். மழையில் கரைந்தால் அடுத்த கோடைக்கு முன் மறுபடி அடிக்க வேண்டும். ஓர் எச்சரிக்கை: அறைக்குள் சீலிங்கில் தெர்மாகோலை வெறுமனே ஒட்டாதீர்கள், தீப்பற்றினால் ஆபத்து. பழைய தளத்தின் மேல் கனம் ஏற்றுமுன் பொறியாளரிடம் கேளுங்கள்.

இரண்டாவது ஜன்னல். நம்மைப் போன்ற வெக்கையும் புழுக்கமும் உள்ள பகுதிகளில், திறக்கக்கூடிய ஜன்னல், கதவு, வெண்டிலேட்டர் எல்லாம் சேர்த்துத் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்கிறது தொகுப்பு. நாம் கோஷாவுக்காகவும் கொசுவுக்காகவும் ஜன்னலைச் சாத்தியே வைக்கிறோம். தெருப் பக்கம் ஆள் உயரத்துக்கு மேலே வெண்டிலேட்டரும் ஜாலியும் வையுங்கள், கொசுவலை அடியுங்கள். எதிர்ச் சுவரில் காற்று வெளியேற வழி விடுங்கள். மறைவும் இருக்கும், காற்றும் வரும். வீட்டிற்குள்ளேயே நாள் முழுவதும் இருப்பவர்கள் பெண்கள்தான். வரைபடம் போடும்போது அவர்களிடம் கேட்காமல் போடாதீர்கள்.

அனுமதி விஷயத்தையும் சொல்லிவிடுகிறோம். 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டுவோருக்கு, 2024 ஜூலை முதல் சுயசான்று முறையில் இணையவழியே உடனடி அனுமதி கிடைக்கிறது. சுயசான்று என்றால் பொறுப்பு நம் தலையில் என்று பொருள். எழுதிக் கொடுத்தபடி கட்டுவது அமானத். மழைநீர் சேகரிப்பை 2003-லேயே அரசு கட்டாயமாக்கிவிட்டது. அதைக் காகிதத்தில் மட்டும் காட்டாதீர்கள். மண்டபம், பள்ளிக்கூடம், வணிக வளாகம் என்று பெரிதாகக் கட்டுபவர்கள் கவனிக்க: மின்பளு 100 கிலோவாட்டை எட்டும் கட்டடங்களுக்கு வேறு எரிசக்தி விதித்தொகுப்பு உண்டு. அஸ்திவாரம் தோண்டுமுன் விசாரித்துவிடுங்கள்.

ஓடும் ஆற்றில் ஒளூ செய்தாலும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று சிறு வயதில் மதரஸாவில் படித்தோம். தாமிரபரணிக் கரைப் பிள்ளைகளுக்கு அது நன்றாகவே புரிந்தது. மின்சாரமும் அப்படித்தான். பழைய மின்விசிறி 75 வாட் இழுக்கும். புதிய பிஎல்டிசி விசிறிக்கு 30 வாட் போதும். தினம் பதினைந்து மணி நேரம் ஓடினால் மாதம் சுமார் 20 யூனிட் மிச்சம். கூரையைச் சரிசெய்யாமல் ஏசி வாங்குவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது போல.

கடைசியாக நிர்வாகத்தின் முடிவு. இனி வீட்டு உதவியின் இறுதித் தவணை, கூரையின் மேலடுக்கு வேலைக்கென்றே ஒதுக்கி வைக்கப்படும். அந்தப் பணத்தை வாசல் கிரில்லுக்கும் பெயிண்டுக்கும் திருப்ப முடியாது. முன்பு கட்டிக்கொடுத்த வீடுகளுக்கு வரும் கோடைக்குள் வெள்ளையடித்துத் தருவோம்; சுண்ணாம்புச் செலவு பைத்துல்மாலுடையது, வேலைக்கு இளைஞர்கள் வர வேண்டும். இதனால் இந்த ஆண்டு உதவி பெறும் வீடுகளின் எண்ணிக்கை குறையலாம். அந்த மனக்குறை எங்கள்மீது வரும் என்று தெரிந்தே முடிவெடுத்தோம். குடியிருக்க முடியாத வீட்டைக் கொடுத்துவிட்டு, கொடுத்தோம் என்று கணக்கெழுத மனம் வரவில்லை.

முதல் வெள்ளை அந்த உம்மாவின் தட்டட்டிக்கு. அவர்கள் தம் அறைக்குள்ளேயே நிம்மதியாக உறங்க அல்லாஹ் அருள் புரிவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.