கலம் எவ்வாறு விழுங்குகிறது?

(எமது சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



எங்கள் ஆய்வுகூடத்தில் விஞ்ஞானம் படித்த எவரும் அமீபாவின் படம் கீறாமல் தப்பியதில்லை. போலிக்கால்கள் நீண்டு இரையைச் சூழும், உணவுப் புன்வெற்றிடம் உண்டாகும், ஐந்து புள்ளி! 'சூழும்' என்ற அந்த ஒரு சொல்லுக்குள் என்ன நடக்கிறது என்பதையே இன்று பேச எடுத்திருக்கிறோம்.

அமீபா செய்யும் வேலையை எங்கள் உடற்கலங்களும் செய்கின்றன. 1882இல் இத்தாலியின் மெசினா நகரில், வீட்டார் சர்க்கஸ் பார்க்கப் போயிருந்த வேளையில், ருஷ்ய விஞ்ஞானி மெச்னிக்கோவ் நட்சத்திரமீனின் குடம்பிகளை நுணுக்குக்காட்டியில் பார்த்துக்கொண்டிருந்தார். ஒளி ஊடுருவும் அந்தச் சின்ன உடலுக்குள் ரோசா முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாட் காலை முள்ளைச் சுற்றிக் கலங்கள் கூடி நின்றன. நாம் படித்த தின்குழியங்களின் கதை அங்கேதான் தொடங்குகிறது. 1908இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கலத்தின் மென்சவ்வு கொழுப்பாலான படலம். எண்ணெய்போல் நெகிழும், ஆனால் வேண்டிய வடிவத்துக்கு வளைக்க யாராவது வேலை செய்யவேண்டும். கொழுக்கட்டை பிடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பயறு உள்ளே இருக்க, மாவின் விளிம்பு எழுந்து, இரண்டு பக்கமும் சந்தித்து ஒட்டிக்கொள்கிறது. கொழுக்கட்டைக்குக் கை வெளியே இருக்கிறது. கலத்துக்கோ கை உள்ளே: அக்ரின் என்னும் புரதம் இழை இழையாக வளர்ந்து மென்சவ்வை உள்ளிருந்து தள்ளுகிறது. இன்னொரு வேறுபாடும் உண்டு. தின்குழியம் இரையைத் தொட்டுத் தொட்டே மூடும், சிப் பூட்டுவதுபோல. 1970களில் நியூயோர்க்கின் ரொக்பெலர் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தார்கள். உடம்பு முழுவதும் பிறபொருளெதிரி ஒட்டிய கலங்களைத் தின்குழியம் விழுங்கியது. ஒரு பக்கத்தில் மட்டும் ஒட்டியிருந்தவற்றைப் பிடித்துக்கொண்டதே தவிர, விழுங்கவில்லை. சிப்பின் பல் முடிந்த இடத்தில் வாயும் நின்றுவிட்டது.

திண்மத்தைப் போலவே திரவத்தையும் கலம் குடிக்கிறது. தின்குழியம் ஒன்று ஏறக்குறைய அரை மணி நேரத்தில் தன் மேற்பரப்பு முழுவதற்கும் சமமான மென்சவ்வை உள்ளே இழுத்துவிடுகிறது. எங்களுக்குத் தரப்பட்ட நேரமும் அவ்வளவுதான். போன மென்சவ்வு திரும்பி வந்துகொண்டே இருப்பதால்தான் கலம் சுருங்கிப் போகாமல் இருக்கிறது.

எங்களுக்கு மிகப் பிடித்த பகுதி இனித்தான். 1964இல் ரொத், போட்டர் என்ற இருவர் நுளம்பின் முட்டைக் கலத்தை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்தார்கள். எங்களுக்கு டெங்குவைத் தரும் அதே ஈடிஸ் நுளம்புதான்! முட்டை மஞ்சட் புரதத்தை உறிஞ்சும் இடங்களில் சிறு குழிகள் இருந்தன. குழிகளின் உட்புறத்தில் மயிர்போல ஒரு பூச்சு. அந்தப் பூச்சு எதனாலானது என்பதைக் கண்டுபிடித்தவர் ஒரு பெண், கேம்பிரிட்ஜில் பணியாற்றிய பார்பரா பியர்ஸ். பன்றி மூளையிலிருந்து அந்தப் புரதத்தைப் பிரித்தெடுத்து, 1975இல் கிளத்ரின் என்று பெயரிட்டார். மூன்று கால் கொண்ட அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னி, உதைபந்தின் தையல்போல ஐங்கோணமும் அறுகோணமுமாகக் கூடு கட்டுகின்றன. மென்சவ்வு அந்தக் கூட்டுக்குள் வளைந்து, மில்லிமீற்றரின் பத்தாயிரத்தில் ஒரு பங்களவு பையாகிறது.

பையின் கழுத்தை அறுக்க டைனமின் என்ற இன்னொரு புரதம் வேண்டும். அது பழுதான பழ ஈக்கள் உண்டு. வெப்பம் ஏறியதும் அசைவற்று விழும்; குளிர்ந்ததும் எழுந்து பறக்கும். நரம்பு முனைகளில் பைகள் அறுபடாமல் தொங்கி நின்றுவிடுவதே காரணம்.

இதெல்லாம் எங்கள் வீடுகளுக்குள்ளும் வருகிறது. இரத்தத்தில் ஓடும் கெட்ட கொலஸ்ரோல் துணிக்கைகளை ஈரற் கலங்கள் இந்தக் குழிகள் வழியாகவே அகற்றுகின்றன. துணிக்கையைப் பிடிக்கும் வாங்கிப் புரதம் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை உள்ளே போய் வெளியே வருகிறது. அமெரிக்காவில் பிரவுண், கோல்ட்ஸ்ரைன் என்ற இரு வைத்தியர்கள் ஒரு நோயாளியின் கலங்களை ஆராய்ந்தார்கள். அவரது வாங்கிகள் கொலஸ்ரோலைச் சரியாகவே பிடித்தன; ஆனால் குழிக்குள் கூடாமல் வெளியே சிதறி நின்றன. 839 அமினோ அமிலங்களில் ஒன்றே ஒன்று மாறியிருந்தது. பிடித்தும் விழுங்க முடியாத கலம்! 1985இல் அவர்களுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

வாங்கியில் பரம்பரைக் குறை உள்ள குடும்பங்கள் எல்லா நாடுகளிலும் உண்டு. பெற்றோர் இருவரிடமிருந்தும் அது வந்தால் பிள்ளைப் பருவத்திலேயே மாரடைப்பு வரலாம். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தவர்கள் ஏறக்குறைய 250 பேருக்கு ஒருவர். மெலிந்த உடம்பு, எண்ணெய் தொடாத சாப்பாடு, ஆனாலும் நாற்பதில் நெஞ்சுவலி. 'கண்ணூறு' என்று பேசி முடித்த சாவுகள் எங்கள் குடும்பங்களிலும் உண்டு. அவற்றுள் சிலவற்றுக்காவது காரணம் இந்தக் குழிக்கருகில் இருந்திருக்கலாம். எங்களில் பலர் இரவில் போடும் ஸ்ரற்றின் குளிசை, ஈரற் கலம் தானே கொலஸ்ரோல் செய்வதைக் குறைக்கிறது. அதனால் கலம் வெளியிலிருந்து எடுக்க அதிக வாங்கிகளைச் செய்கிறது. குறை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்தவர்களுக்கு மற்றப் பக்கத்து நல்ல மரபணு இருப்பதால் குளிசை உதவுகிறது. ஆனால் குறை இருப்பது தெரிந்திருக்க வேண்டும். அப்பாவோ சகோதரரோ இளவயதில் மாரடைப்பால் போயிருந்தால், ரொரன்ரோவிலோ லண்டனிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கும் உங்கள் பிள்ளைகளின் இரத்தத்தை ஒருமுறை சோதிப்பியுங்கள். அதற்கு ஒரு சிறிய போத்தல் இரத்தம் போதும்.