டி.என்.ஏ. விலை உயர்ந்த பசையா?

  

டி.என்.ஏ. இழைகளைச் செயற்கைப் பாலிமரோடு கோத்து, உரிய குறிப்பு கிடைத்ததும் உப்பவோ சுருங்கவோ கரையவோ செய்யும் ஜெல்களைப் பற்றி நமக்குள் நெடுநாளாக ஒரு வாதம் நடக்கிறது. இங்குள்ளோரில் பலருக்கு அதன் இரு பக்கமும் தெரியும். பாலிமர் வேதியியலார் சொல்வது இது: தூண்டலுக்கு இணங்கும் ஜெல் ஒன்றும் புதிதல்ல. பாலி-என்-ஐசோபுரோப்பைல் அக்ரிலமைடு சுமார் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் தானே சுருங்குகிறது. பாலிஅக்ரிலமைடு ஜெல் திடீரென ஒடுங்குவதை டொயோயிச்சி டனாகா 1978-லேயே காட்டிவிட்டார். அப்படியிருக்க டி.என்.ஏ.வைச் சேர்ப்பது, மலிவான பிணைப்பானை எடுத்துவிட்டு விலை உயர்ந்த பசையைப் பூசுகிற காரியம். மறுபக்கம் டி.என்.ஏ. நானோதொழில்நுட்பத்தார். கார்னெல் பல்கலைக்கழகத்தில் டான் லுவோவின் குழு 2006-ல், கிளைவிட்ட டி.என்.ஏ. துண்டுகளை லிகேஸ் நொதியால் இணைத்து, முழுக்க டி.என்.ஏ.வாலேயே ஜெல் செய்துவிட்டது. பிறகு பாலிமர் எதற்கு என்று அவர்கள் கேட்கிறார்கள். இரு தரப்பும் வேலைப் பிரிவினையைக் கவனிக்கவில்லை என்பதே என் கட்சி. எந்த மூலக்கூறுக்கு இணங்குவது என்று தீர்மானிப்பது டி.என்.ஏ.; அந்தத் தீர்மானத்தைக் கண்ணுக்குத் தெரியும் அசைவாக்குவது பாலிமர். ஒன்றின் வேலையை மற்றதன் அளவுகோலால் அளந்தால் இரண்டுமே மட்டமாகத்தான் தெரியும்.

‘பசை’ என்று சொன்னவர்கள் பக்கம் ஒரு காலத்தில் நியாயம் இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஜப்பானில் நாகஹாராவும் மட்சுடாவும் 1996-ல் வினைல் பாலிமரில் சிறு டி.என்.ஏ. இழைகளைத் தொங்கவிட்டு, அவை ஒன்றோடொன்று இணைசேர்வதால் ஜெல் உருவாவதைக் காட்டினர். பெர்னார்ட் யுர்கேயும் உடன் ஆய்வாளர்களும் 2000-ல், இரட்டை இழையின் நுனியில் இணைசேராத ஒரு வாலை விட்டுவைத்தால் புதிய இழை அதைப் பற்றிக்கொண்டு பழையதை வெளியேற்றும் என்று நிறுவினர். இந்த உத்தி ஜெல்லுக்குள் வந்ததும், சூடேற்றாமலேயே ஒரு குறிப்பிட்ட இழையை இட்டுக் குறுக்குப் பிணைப்பை அவிழ்க்க முடிந்தது. அழகான வேதியியல்தான். ஆனால் கிடைத்த அசைவு சொற்பம். இரட்டைச் சுருளில் ஒரு கார இணைக்கு நீளம் 0.34 நானோமீட்டர். பிணைப்பில் 20 இணைகள் கூடினாலும் வலைக்கண் 7 நானோமீட்டர்கூட நீளாது. இவ்வளவுக்காகவா இத்தனை செலவு என்ற கேள்வி அன்றைக்குப் பொருத்தமானதே.

நிலைமையை மாற்றியது, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ரெபேக்கா ஷுல்மனும் டேவிட் கிராசியஸும் தம் குழுவினரோடு செய்து 2017-ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு. இதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். என் வாதம் முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது. அவர்கள் எடுத்துக்கொண்டதும் பழைய பாலிஅக்ரிலமைடுதான், குறுக்குப் பிணைப்பும் இரட்டை இழை டி.என்.ஏ.தான். வேறுபாடு, வெளியிலிருந்து அனுப்பிய இழையில் இருக்கிறது. கால்டெக்கில் டர்க்ஸும் பியர்ஸும் 2004-ல் வகுத்த சங்கிலி வினையை அவர்கள் கையாண்டார்கள். அதில் இரண்டு வகை இழைகள். ஒவ்வொன்றும் தன்மேலேயே மடிந்து கொண்டை ஊசி வடிவில் நிற்கும். முதல் ஊசி பிணைப்பின் வாலைப் பற்றி உள்ளே நுழைந்து விரியும். விரிந்ததும் அதன் மறைந்திருந்த பகுதி வெளிப்படும். அது இரண்டாம் ஊசியை அழைக்கும்; இரண்டாவது விரிந்ததும் மறுபடி முதல் வகைக்கு இடம் திறக்கும். பிணைப்பு ஒருபோதும் அறுவதில்லை. அறாமலே நீண்டுகொண்டு போகிறது. ஒரு நிகழ்வுக்கு 7 நானோமீட்டர் என்ற உச்சவரம்பு இப்படித்தான் உடைந்தது.

நீண்டதனால் என்ன ஆயிற்று? ஜெல்லின் பருமன் 100 மடங்கானது. அதாவது ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 4.6 மடங்கு. இந்த விசை எங்கிருந்து வந்தது என்பதே நம் வழக்கின் மையம். நீரில் கிடக்கும், நீர்நாட்டமுள்ள எந்தப் பாலிமர் வலையும் நீரை உள்ளிழுக்கத் தவித்துக்கொண்டே இருக்கிறது. இழுபட்ட வலை அதைத் தடுக்கிறது. இரண்டும் சரிக்குச் சரியாகும் இடத்தில் ஜெல் நிற்கிறது. பிணைப்பு நீளும்போது அந்தத் தடை தளர்கிறது, நீர் புகுகிறது. உப்ப வேண்டும் என்ற நாட்டம் தொடக்கம் முதலே பாலிமர் வலையில் இருந்தது. அதை எப்போது, யாருக்காக விடுவது என்பதை மட்டும் டி.என்.ஏ. முடிவு செய்தது. டி.என்.ஏ.வின் எதிர்மின்னூட்டம்தானே உப்ப வைக்கிறது, இதில் தொடர்வரிசைக்கு என்ன வேலை என்று ஒரு தடை எழுப்பப்படுகிறது. மின்னூட்டம் உதவுகிறது என்பது உண்மை. ஆனால் அந்த மின்னூட்டம் வலையில் தங்கி நிற்பதே தொடர்வரிசை பொருந்தியதால்தான். பொருந்தாத ஊசி உள்ளே வரும், பற்ற இடமில்லாமல் வெளியே போகும்.

இன்னும் இரண்டு செய்திகள். சங்கிலியை முடித்துவைக்கும் ஊசிகளையும் அவர்கள் கலந்தார்கள். அந்தக் கலவை விகிதத்தைக் கொண்டே ஜெல் எவ்வளவு உப்ப வேண்டும் என்பதை வரையறுக்க முடிந்தது. அடுத்து, நண்டு வடிவில் ஒரு ஜெல்லை ஒளியால் வார்த்தார்கள். அதன் உணர்கொம்புக்கு ஒரு தொடர்வரிசை, இடுக்கிக்கு வேறு, காலுக்கு வேறு. ஒரே பாத்திரத்தில், ஒரே வெப்பநிலையில், எந்த உறுப்புக்கு உரிய இழை வந்ததோ அந்த உறுப்பு மட்டும் சுருண்டது. 32 டிகிரியில் சுருங்கும் பாலிமரால் இதைச் செய்ய முடியாது. வெப்பம் ஊர் முழுக்கப் போடும் தண்டோரா, டி.என்.ஏ. முகவரி எழுதிய கடிதம். விலையை ஒப்பிடுவோர் இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைக்கிறார்கள். அதுதான் என் மனக்குறை.

விலை பற்றிய தடையை நான் தட்டிக்கழிக்கவில்லை. வேதித் தொகுப்பில் ஒவ்வொரு காரத்தைச் சேர்க்கும் படியும் 99 விழுக்காடு வெற்றி என்று வைத்தாலும், 100 காரங்கள் கொண்ட இழை முழு நீளத்தில் ஏறத்தாழ 37 விழுக்காடுதான் தேறும். 20 காரம் என்றால் 83 விழுக்காடு தேறும். ஆகவே குட்டை இழைகளைக் கொண்டு திட்டமிடுவதே அறிவுடைமை. கொண்டை ஊசிகளை நிறையச் செலவிட வேண்டியிருக்கிறது என்பதையும், நீண்ட சங்கிலியைத் திரும்ப அவிழ்ப்பது எளிதல்ல என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். மெதுவாக உப்புகிறது என்ற புகாரில் பாதி பாலிமருக்கே உரியது. உப்பும் நேரம் ஜெல்லின் அளவின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று டனாகாவும் ஃபில்மோரும் 1979-ல் காட்டியிருக்கிறார்கள். அளவைப் பாதியாக்கினால் நேரம் கால்பங்காகும்.

நொதிகள் டி.என்.ஏ.வை அரித்துவிடும் என்ற அச்சத்துக்கு, ஜேம்ஸ் காலின்ஸின் எம்.ஐ.டி. குழு 2019-ல் பதில் தந்துவிட்டது. காஸ்12ஏ நொதி தன் இலக்கு டி.என்.ஏ.வைக் கண்டுகொண்டதும் அருகிலுள்ள ஒற்றை இழைகளையெல்லாம் வெட்டத் தொடங்கும். ஜெல்லின் பிணைப்பை அத்தகைய ஒற்றை இழையாக வைத்தால், அரிப்பே குறிப்பாகிவிடுகிறது. ஒரே இலக்கு மூலக்கூறு பல வெட்டுகளை நிகழ்த்துவதால் குறிப்பு பெருகவும் செய்கிறது.

இலக்கு மூலக்கூறைப் பற்றும் இழைகளான அப்டமர்களைப் பிணைப்பாக வைத்து அடினோசின் போன்ற சிறு மூலக்கூறுகளுக்கு இணங்கும் ஜெல்கள், நொதிகள் தொடாத இடஞ்சுழி டி.என்.ஏ., ஜெல்லுக்குள்ளேயே தருக்கச் சுற்று ஆகியவை தனித்தனி உரைக்கு உரியவை. பெயர் சொல்லி நிறுத்துகிறேன். உப்பும் ஜெல் எவ்வளவு எடையைத் தூக்குகிறது என்ற அளவீடு இன்னும் நிறைய வேண்டும். உடல் திரவத்தின் உப்புச் செறிவில் இந்த ஜெல்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்பதை மாணவர்கள் எடுத்துச் செய்யலாம். அக்ரிலமைடு அல்லாத பாலிமர்களிலும் முயலலாம்.

இத்துறையில் கட்டுரை எழுதுவோரிடம் ஒரே ஒரு வேண்டுகோள். உரிய இழைக்கு ஜெல் எத்தனை மடங்கு உப்பியது என்று எழுதும் அட்டவணையிலேயே, பொருந்தாத இழைக்கு எத்தனை மடங்கு உப்பியது என்ற எண்ணையும் அதற்குப் பக்கத்தில் தாருங்கள்.