கடைசிப் படியிலிருந்து



ஒரு குழந்தைக்குச் சட்டைப் பொத்தான் போடக் கற்றுத்தர வேண்டும். எங்கிருந்து தொடங்குவீர்கள்? முதலிலிருந்துதானே? மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்குக் கற்றுத்தரும் சிறப்புக் கல்வி ஆசிரியர் பல சமயம் கடைசியிலிருந்து தொடங்குவார்.

துணியைப் பிடிப்பது, பொத்தானைத் துளைக்குள் பாதி நுழைப்பது, எல்லாம் அவரே செய்வார். மறுபக்கம் எட்டிப் பார்க்கும் பொத்தானை இழுப்பது மட்டும் குழந்தையின் வேலை. இழுத்தால் மாட்டிக்கொள்ளும். வேலையை முடித்தது குழந்தைதான்! அந்தச் சந்தோஷம் முகத்தில் தெரியும். அது பழகியதும் அதற்கு முந்தைய படி. பிறகு அதற்கும் முந்தைய படி. கடைசியிலிருந்து முதலுக்கு.

இப்படிக் கற்றுத்தரப் பொறுமை மட்டும் போதாது, படிப்பும் வேண்டும். பிளஸ் டூ முடித்தவர்களுக்குச் சிறப்புக் கல்வியில் பட்டயப் படிப்பு இருக்கிறது. பட்டப்படிப்பை முடித்தால் பி.எட்., எம்.எட்., ஆராய்ச்சி, பேராசிரியர் பணி வரை போகலாம். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் இந்தப் படிப்புகளை நடத்தும் மத்திய அரசின் தேசிய நிறுவனமே இருக்கிறது. இப்படி ஒரு வழி இருப்பது நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியவில்லை. அவர்களிடம் சொல்லுங்கள்.

சேரும் முன் ஒன்று பாருங்கள். அந்தப் படிப்புக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் அங்கீகாரம் இருக்க வேண்டும். அங்கீகாரம் இருந்தால்தான் படித்து முடித்ததும் அந்தக் கவுன்சிலில் பெயரைப் பதிவு செய்ய முடியும்.